பழைய ஏடுகளிலிருந்து ஆற்று வெள்ளங்களைக் கணக்கிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்குப் புத்தகம், நாட்குறிப்பு, மனு, கல்வெட்டு என்று கையில் கிடைத்த எழுத்திலிருந்து பழைய வெள்ளங்களை மீட்க முனைகிறவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். ஓர் இடத்தில் விளக்கியதை மறுபடி விளக்காமல் கேள்வி எண்ணை மட்டும் சுட்டியிருக்கிறோம்.

1. ஆற்றில் அளவுகோல் வைத்து நூறு வருஷம்கூட ஆகவில்லை. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளத்தை எப்படி அளப்பது?

மூன்று விஷயங்களைத் தனித்தனியாகத் தேட வேண்டும். வெள்ளம் எந்த நாளில் வந்தது, தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது, வினாடிக்கு எத்தனை கன மீட்டர் ஓடியது. நாள் பெரும்பாலும் எழுத்திலேயே இருக்கும். உயரத்துக்கு எழுத்தோடு களத்தில் ஓர் அடையாளமும் வேண்டும். நீரோட்டத்தை நாமே கணக்கிட்டுத்தான் பெற வேண்டும். எல்லா வெள்ளத்துக்கும் மூன்றும் கிடைக்காது. நாளும் கடுமையும் மட்டும் தெரிந்தாலும் அந்தப் பதிவு பயன்படும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், கொலோன் நகரில் ரைன் நதியைப் பாருங்கள். 20-ஆம் நூற்றாண்டு முழுவதிலும் அங்கே மிக உயர்ந்த மட்டம் 10.69 மீட்டர்; 1926-இலும் 1995-இலும் அதே அளவு. 1784 பிப்ரவரி 28-இல் தண்ணீர் ஏறிய மட்டம் 13.55 மீட்டர். நூறு வருஷ அளவீட்டை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு அந்த மூன்று மீட்டர் கற்பனையில்கூட வராது. (அந்த உயரத்தை நேரடியாக நீரோட்டமாக மாற்றக் கூடாது, காரணம் 11-இல்.)

2. எந்த ஆவணங்களைத் தேடுவது? வரலாற்று நூல்கள் போதாதா?

போதாது. ஊர் வரலாறு எழுதியவர் பேரழிவை மட்டுமே எழுதுவார். நடுத்தர வெள்ளம் அவர் ஏட்டில் ஏறாது. வெள்ளத்தைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் எழுதப்பட்டவைதான் சிறந்த ஆவணங்கள், குறிப்பாகக் கணக்குப் புத்தகங்கள். ஆஸ்திரியாவில் டிரௌன் ஆற்றங்கரை ஊரான வெல்ஸில், மரப்பாலத்துக்குப் பொறுப்பானவர் செலவுக் கணக்கு எழுதிவந்தார். பாலத்துக்கு எப்போது மரம் வாங்கினார்கள், எத்தனை ஆளுக்குக் கூலி கொடுத்தார்கள் என்பதிலிருந்து 15, 16-ஆம் நூற்றாண்டு வெள்ளங்களை ஆய்வாளர்கள் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். பணம் கொடுத்த கணக்கில் அலங்காரத்துக்கு இடமில்லை.

அடுத்தது வரித் தள்ளுபடி மனுக்கள். நஷ்டத்தைக் கூட்டித்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் அதிகாரி வந்து பார்ப்பார் என்பதால் நாளும் இடமும் பொதுவாகச் சரியாக இருக்கும். ஸ்பெயினில் மழை நிற்கவும் மழை வரவும் தேவாலயங்கள் நடத்திய வேண்டுதல்கள் நகரசபைக் குறிப்புகளில் தேதியோடு உள்ளன. எகிப்தில் நைல் நதியின் ரோடா தீவு அளவுத்தூணிலிருந்து பெற்ற நீர்மட்ட வரிசை கி.பி. 622 வரை பின்னோக்கிப் போகிறது. ஆனால் அங்கும் ஆற்றுப்படுகையில் வண்டல் ஏறியது, அளவு முழமும் எல்லாக் காலத்திலும் ஒன்றாக இல்லை. அந்த எண்களைத் திருத்தாமல் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு ஒப்பிடக் கூடாது.

3. ஒரு பதிவு கிடைத்ததும் முதல் வேலை என்ன?

அந்தப் பக்கத்தோடு முந்தைய, பிந்தைய பக்கங்களையும் படமெடுங்கள். நாளும் மாதமும் பல சமயம் இரண்டு பக்கம் முன்னால்தான் எழுதியிருக்கும். "அதே நாள்" என்ற குறிப்புக்கு அது இல்லாமல் பொருளே இல்லை. காப்பகத்தின் கட்டு எண்ணையும் தாள் எண்ணையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அட்டவணை. குறைந்தது இந்தக் கட்டங்கள் வேண்டும்: மூலத்தில் உள்ளபடியே வாசகம் (எழுத்துப் பிழையோடு), அதன் பொருள், மூலத் தேதி, மாற்றிய தேதி, எழுதியவர் எங்கே இருந்தார், எத்தனை நாள் கழித்து எழுதினார், நம் ஊகம். பொருளும் ஊகமும் ஒரே கட்டத்தில் கலந்துவிட்டால் ஐந்து வருஷம் கழித்து எது ஆவணம் சொன்னது, எது நாம் சொன்னது என்று பிரிக்க முடியாது. இந்த வேலையில் மிகவும் பரவலான, திருத்தக் கடினமான பிழை இதுதான்.

4. ஆவணத்தில் இருக்கும் தேதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

குறித்துக்கொள்ளலாம், ஒப்பிடக் கூடாது. ஐரோப்பாவின் சில நாடுகள் பழைய ஜூலியன் நாட்காட்டியிலிருந்து இன்றைய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது, 1582 அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. ஆனால் இங்கிலாந்து 1752-இல்தான் மாறியது, ரஷ்யா 1918-இல். பழைய ஜூலியன் தேதியோடு 14-ஆம் நூற்றாண்டுக்கு 8 நாள், 15-ஆம் நூற்றாண்டுக்கு 9, 16, 17-ஆம் நூற்றாண்டுகளுக்கு 10, 18-க்கு 11, 19-க்கு 12 நாள் கூட்ட வேண்டும். மத்திய ஐரோப்பாவைப் புரட்டிப்போட்ட 1342 வெள்ளம், மகதலேனா மரியாள் திருநாளான ஜூலை 22-ஐ ஒட்டி வந்ததால் அந்தப் பெயராலேயே அறியப்படுகிறது. இன்றைய கணக்கில் அது ஜூலை 30.

வருஷப் பிறப்பு இன்னொரு கண்ணி. இங்கிலாந்தில் 1751 வரை புது வருஷம் மார்ச் 25-இல் தொடங்கியது. அங்கே "1703 பிப்ரவரி 10" என்று எழுதியிருந்தால் நமக்கு அது 1704 பிப்ரவரி 21. இதைக் கவனிக்காத பட்டியல்களில் ஒரே வெள்ளம் 1703-இலும் 1704-இலும் இரண்டு வெள்ளமாக நிற்கும்.

அறுபது வருஷச் சுற்றில் பெயர் மட்டும் இருந்தால் வேறு சான்று இல்லாமல் முடிவு செய்யாதீர்கள். ரக்தாட்சி என்றால் 1864-ஆகவும் இருக்கலாம், 1924-ஆகவும் இருக்கலாம். கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில் பிறப்பதால், ஆண்டின் முதல் பகுதிக்கு 824-உம் ஜனவரிக்குப் பிறகு 825-உம் கூட்ட வேண்டும். கேரளத்தில் 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தை மக்கள் இன்றும் "99 வெள்ளம்" என்பது கொல்லம் 1099-ஐ வைத்துத்தான். ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். மாதப் பெயரை மட்டும் வைத்து மழைக்காலமா கோடைக்காலமா என்று சொல்லவே முடியாது.

5. ஒரே வெள்ளம் நான்கு நூல்களில் இருக்கிறது. நான்கு சாட்சி என்று வைத்துக்கொள்ளலாமா?

நான்கும் ஒன்றைப் பார்த்து எழுதியதாக இருந்தால் அது ஒரே சாட்சி. கண்டுபிடிக்க எளிய வழி, தப்பைத் தேடுவது. ஒரே தவறான கிழமை, ஒரே திரிந்த ஊர்ப்பெயர், ஒரே எண்ணிக்கை இரண்டு நூலில் வந்தால் ஒன்று இன்னொன்றின் பிரதி. வெள்ளத்தைக் கண்ணால் கண்டவர், அவரிடம் கேட்டு எழுதியவர், நூறு வருஷம் கழித்துத் தொகுத்தவர் என்று தரம் பிரியுங்கள். தொகுப்பு நூல் வழிகாட்டியாக இருக்கட்டும். அட்டவணையில் ஏறுவது மூல ஆவணம்தான்.

6. "மனித நினைவில் இல்லாத வெள்ளம்" என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

அறுபது எழுபது வருஷத்தில் பெரியது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஊரின் மிக மூத்தவர் ஞாபகம் அவ்வளவுதான் எட்டும். மனுவில் வந்தால் அந்த அளவுக்குக்கூட எடை வேண்டாம். நிவாரணம் கேட்பவர் எழுதும் வழக்கமான வாக்கியம் அது. "இன்ன வருஷத்து வெள்ளத்தைவிட ஒரு கை உயரம்" என்பது போல ஒப்பிட்டு எழுதியிருந்தால் அது தங்கம். முந்தைய வெள்ளத்தின் மட்டம் வேறு வழியில் தெரிந்தால் இதன் மட்டமும் கிடைத்துவிடும்.

7. எண்ணே இல்லாமல் வெறும் வர்ணனைதான் இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது?

முதலில் மூன்று படியாகப் பிரிக்கலாம். கரை வழிந்து தாழ்ந்த வயலிலும் பாதையிலும் நின்றது முதல் படி. வீடுகளில் புகுந்தது, பாலம், அணை, ஆலை சேதமானது இரண்டாவது. கல்பாலம் உடைந்தது, ஆற்றோரத்தில் பல ஊர்கள் ஒரே சமயத்தில் மூழ்கின, உயிர்கள் போயின என்றால் மூன்றாவது. ஒரே ஓர் அடையாளத்தை வைத்துப் படியை உயர்த்தாதீர்கள். மேலிருந்து அடித்து வந்த மரக்கட்டைகள் சிக்கினால் சாதாரணப் பெருக்கிலும் மரப்பாலம் உடையும்.

வர்ணனைக்குள்ளேயே உயரம் ஒளிந்திருக்கும் இடங்களைத் தவறவிடாதீர்கள். "பலிபீடத்தின் இரண்டாம் படி நனைந்தது", "சந்தைத் திடலில் படகு ஓடியது" போன்ற வரிகளில் படியும் திடலும் இன்றும் இருந்தால் அங்கே போய் மட்டம் எடுக்கலாம். ஆனால் பழைய கட்டடங்களில் தரையைப் பலமுறை உயர்த்திப் போட்டிருப்பார்கள். புதைந்துபோன தூண் அடி, வழக்கத்தைவிடக் குட்டையான வாசல், உள்ளே இறங்கும் படிகள் எல்லாம் அதற்கு அடையாளம். கட்டட வரலாறு தெரியாமல் இன்றைய தரையை அன்றைய தரையாக எடுத்தால் அரை மீட்டர், ஒரு மீட்டர் சுலபமாகத் தப்பும்.

8. சுவரில் கோடும் வருஷமும் செதுக்கியிருக்கிறது. அதுதானே வெள்ள மட்டம்?

பெரும்பாலும் ஆம், ஆனால் நான்கு விஷயங்களைப் பாருங்கள். கல் முதலில் இருந்த இடத்திலேயே இருக்கிறதா? சுவரை இடித்துக் கட்டும்போது கண்ணுக்குத் தெரியட்டும் என்று மேலே பதித்துவிடுவதுண்டு. எழுத்தின் பாணி அந்தக் காலத்தோடு ஒத்துப்போகிறதா? ஒரே கையெழுத்தில் மூன்று நூற்றாண்டு வெள்ளங்கள் இருந்தால் அது பின்னால் வந்தவர் எடுத்த நகல். குறி ஆற்றைப் பார்த்த முகத்தில் இருக்கிறதா, பின்புறமா? வேகமாக வரும் தண்ணீர் எதிர்ச்சுவரில் மோதி ஏறும். வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 46 சென்டிமீட்டர் வரை. கடைசியாக, அது நீர் நின்ற கோடா, சுவர் உறிஞ்சிய ஈரக் கோடா? ஈரம் மட்டத்தைத் தாண்டி மேலே ஏறும்.

மட்டம் எடுக்க லெவலிங் கருவியோடு நிலையான பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் துல்லியமாகத் தெரிந்த நிலைக்குறி) போங்கள். இரண்டு சென்டிமீட்டருக்குள் பிழை அடங்கும். கைபேசி காட்டும் உயரம் பல மீட்டர் தப்பும், இந்த வேலைக்கு ஆகாது. ஆற்றோரம் ஒரே வெள்ளத்தின் குறிகள் நான்கைந்து கிடைத்தால் எல்லாவற்றையும் நீளவாக்கில் வரைந்து பாருங்கள். நீர்ப்பரப்பு கீழ்நோக்கிச் சீராக இறங்க வேண்டும். ஒரு குறி மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் அந்தக் கல் நகர்ந்திருக்கும் அல்லது அங்கே பாலமோ திருப்பமோ நீரைத் தேக்கியிருக்கும்.

9. பழைய அளவுகளை மீட்டராக மாற்றப் பெருக்கினால் போதாதா?

ஒரு பதிவை நுணுக்கமாகப் பார்ப்போம். 1843-இல் சீனத்தின் மஞ்சள் ஆற்றில், வான்ஜின்டான் என்ற இடத்து நீர்மட்டம் பற்றி மேலிடத்துக்குப் போன அறிக்கை சொல்வது இது: ஏழாம் மாதம் 13-ஆம் நாள் "ஸி" பொழுதில் நீர் 7 சி 5 ட்சுன் ஏறியது, 14-ஆம் நாள் "சென்" பொழுதிலிருந்து 15-ஆம் நாள் "யின்" பொழுதுக்குள் மேலும் 1 ஜாங் 3 சி 3 ட்சுன் ஏறியது, முன் வந்த நீர் வடியுமுன்னே பின் நீர் வந்தது, ஒரு நாள் பத்துப் பொழுதில் மொத்தம் 2 ஜாங் 8 ட்சுன்.

10 ட்சுன் ஒரு சி, 10 சி ஒரு ஜாங். 7.5-உம் 13.3-உம் சேர்ந்து 20.8 சி, மொத்தம் சரியாக வருகிறது, ஆகவே எண்களைப் படியெடுத்ததில் பிழை இல்லை. சி என்பதை 32 சென்டிமீட்டர் என்று கொண்டால் சுமார் 6.7 மீட்டர். அடுத்தது நேரம். சீனப் "பொழுது" இரண்டு மணி நேரம்; "ஒரு நாள் பத்துப் பொழுது" என்பதை 34 மணி என்று படித்தால் தப்பு, அது 44 மணி. தேதியும் நம் கணக்கில் ஆகஸ்ட் 8 முதல் 10 வரை. மிக முக்கியமானது, இந்த எண்கள் ஏற்றத்தை மட்டுமே சொல்கின்றன. ஏறத் தொடங்கியபோது நீர் எங்கே நின்றது என்று தெரியாமல் இதை மட்டமாக மாற்ற முடியாது. களத்தில் படிவுகளையும் கரையோர அடையாளங்களையும் பார்த்த பிறகே அந்த வெள்ளத்தின் உச்சம் வினாடிக்கு 36,000 கன மீட்டர் என்று மதிப்பிடப்பட்டது. "தாவோகுவாங் இருபத்துமூன்றில் மஞ்சள் ஆறு வானம்வரை ஏறியது" என்ற நாட்டுப்பாட்டும் அங்கே நிலைத்திருந்தது. அந்த அரசரின் 23-ஆம் ஆட்சியாண்டுதான் 1843.

10. உயரம் கிடைத்தாகிவிட்டது. நீரோட்டத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஆறு நேராக ஓடும், பாலம் இல்லாத ஓரிடத்தில் குறுக்குவெட்டு வேண்டும். கூடுமானால் வெள்ளக் காலத்தை ஒட்டிய பழைய பொறியியல் வரைபடத்திலிருந்து. பிறகு மேனிங் சூத்திரம்: வேகம் = (1/உராய்வு எண்) × நீரியல் ஆரத்தின் 2/3 அடுக்கு × வாட்டத்தின் வர்க்கமூலம். உராய்வு எண் என்பது படுகை எவ்வளவு கரடுமுரடு என்பதைக் காட்டும் எண்; நீரியல் ஆரம் என்பது நீரின் குறுக்குப் பரப்பை நனைந்த சுற்றளவால் வகுத்தது.

அகலம் 120 மீட்டர், சராசரி ஆழம் 4.5 மீட்டர், வாட்டம் 0.0004 என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 540 சதுர மீட்டர், நனைந்த சுற்றளவு 129 மீட்டர், ஆரம் 4.19. உராய்வு எண் 0.035 என்றால் வேகம் 1.48, நீரோட்டம் வினாடிக்கு சுமார் 800 கன மீட்டர். 0.030 என்றால் 935, 0.040 என்றால் 700. ஆழத்தில் 30 சென்டிமீட்டர் கூடினால் மேலும் 11 சதவீதம் கூடும். ஆகவே "802" என்று எழுதாதீர்கள். "700 முதல் 935" என்று எழுதுங்கள். கரையோரச் சமவெளியில் புதர் இருந்தால் அங்கே எண் 0.05-இலிருந்து 0.10 வரை போகும். ஆற்றையும் சமவெளியையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுங்கள். கடைசியில் சமீபத்திய, அளந்த வெள்ளம் ஒன்றை இதே முறையில் போட்டுப் பாருங்கள். அது சரியாக வராவிட்டால் பழையதும் வராது.

11. மட்டம் உயர்ந்த வெள்ளம்தானே பெரிய வெள்ளம்?

எல்லா நேரமும் அப்படி இல்லை. டிரெஸ்டனில் எல்பே நதி 1845-இல் 8.77 மீட்டர், 2002-இல் 9.40 மீட்டர். ஆனால் 1845-இன் நீரோட்ட மதிப்பீடு வினாடிக்கு 5,700 கன மீட்டர். 2002-இல் அளந்தது சுமார் 4,580. குறைந்த தண்ணீர் அதிக உயரம் ஏறியிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் நீர் பரவும் இடங்களில் கட்டடமும் கரையும் வந்துவிட்டன. ஆற்றின் வடிவமே மாறிவிட்டது. பழைய மட்டத்தை இன்றைய குறுக்குவெட்டில் போட்டுக் கணக்கிட்டால் ஏன் தப்பும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

பனிக்கட்டி இன்னொரு காரணம். கேள்வி 1-இல் வந்த 1784 கொலோன் வெள்ளம் கடுங்குளிருக்குப் பிறகு உறைந்த ஆறு உடைந்தபோது வந்தது. பாளங்கள் குறுக்கே அடைத்துக்கொண்டால் நீர் தேங்கி ஏறும். மேனிங் சூத்திரம் அங்கே செல்லாது. குளிர் நாட்டு ஆறுகளில் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான பதிவில் "பனிக்கட்டி", "பாளம்", "திடீரென வடிந்தது" என்ற சொற்களைத் தேடுங்கள். இருந்தால் அதைத் தனிப் பட்டியலில் வையுங்கள்.

12. பதிவே இல்லாத வருஷங்களில் வெள்ளம் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

முதலில் எழுதுகிறவர் இருந்தாரா என்று பாருங்கள். போர், கொள்ளைநோய், காப்பகத் தீ, கணக்குப் புத்தகத்தில் காணாமல் போன தொகுதி என்றால் அந்த வருஷங்கள் வெறும் வெற்றிடம். அதே புத்தகத்தில் மற்ற செலவுகள் தொடர்ந்து எழுதப்பட்டு, பாலச் செலவு மட்டும் இல்லை என்றால் அந்த மௌனத்துக்கு மதிப்பு உண்டு: பாலத்தைச் சேதப்படுத்தும் அளவுக்கு நீர் வரவில்லை என்று அது சொல்கிறது.

இதைத்தான் கவனிப்பு வரம்பு என்கிறோம். ஒவ்வோர் ஆவணத்துக்கும் "எந்த மட்டத்தைத் தாண்டினால் இவர் எழுதியிருப்பார்?" என்று கேட்டு ஓர் எண் போடுங்கள். பாலக் கணக்குக்கு பாலத்தின் அடிமட்டம், சந்தைக் குறிப்புக்குத் திடலின் தரைமட்டம். ஊர் மேட்டுக்கு நகர்ந்தாலோ கரை கட்டினாலோ வரம்பு மாறும்; அந்த வருஷத்திலிருந்து புதிய எண். இந்தக் கட்டம் காலியாக இருக்கும் பட்டியலை அடுத்த கேள்வியில் சொல்லும் கணக்குக்குப் பயன்படுத்த முடியாது.

13. பழைய வெள்ளங்களை அளவீட்டு வரிசையோடு சேர்த்து "நூறு வருஷ வெள்ளம்" கணக்கிடுவது எப்படி?

எந்த ஒரு வருஷத்திலும் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளத்தைத்தான் நூறு வருஷ வெள்ளம் என்கிறோம். செய்யக் கூடாதது: 60 வருஷ அளவீட்டோடு 3 பழைய வெள்ளங்களை ஒட்டி 63 எண்கள் கொண்ட வரிசையாக்குவது. அப்படிச் செய்தால் மிகப் பெரிய வெள்ளத்துக்கு 64-இல் ஒரு பங்கு நிகழ்தகவு வரும். உண்மையில் அந்த மூன்றும், அளவீட்டுக்கு முந்தைய (உதாரணத்துக்கு) 240 வருஷத்தில் வரம்பைத் தாண்டியவை. அளவீட்டுக் காலத்தில் அதைவிடப் பெரியது வரவில்லை என்றால் முதலிடத்துக்கு 301-இல் ஒரு பங்கு. சரியான முறையில், மூன்று வெள்ளங்களையும் இடைவெளிகளாக (கேள்வி 10-இன் "700 முதல் 935" போல) கொடுங்கள். மற்ற 237 வருஷங்களை "வரம்புக்குக் கீழே" என்று கொடுங்கள். அமெரிக்காவின் புல்லட்டின் 17சி வழிகாட்டி இப்படிப்பட்ட இடைவெளிகளையும் வரம்புகளையும் ஏற்கும்படிதான் அமைந்திருக்கிறது.

காலம் எங்கே தொடங்குகிறது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். முதலில் தெரிந்த வெள்ளத்தின் வருஷத்திலிருந்து எண்ணினால் வெள்ளம் உண்மையைவிட அடிக்கடி வருவதாகத் தோன்றும். எழுதத் தொடங்கிய வருஷத்திலிருந்து எண்ணுங்கள்: கணக்குப் புத்தகத்தின் முதல் தொகுதி, பாலம் கட்டிய வருஷம் போன்றவை.

14. காலநிலையே மாறிவிட்டது. பழைய வெள்ளங்களால் இன்று என்ன பயன்?

பழைய ஆவணங்களைக் கொண்டு ஐரோப்பிய ஆறுகளின் கடந்த 500 வருஷங்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, வெள்ளம் மிகுந்த ஒன்பது காலகட்டங்களைக் கண்டது. முந்தைய எட்டும் வழக்கத்தைவிடக் குளிரான காலங்கள். 1990-க்குப் பின் வந்த கடைசியது மட்டும் வெப்பமானது. வெள்ளங்கள் கொத்தாக வரும் என்பதும், இன்றைய கொத்து வேறு மாதிரியானது என்பதும் ஏடுகள் இல்லாமல் தெரிந்திருக்காது.

அதனால் 1700-இன் நிகழ்தகவை இன்றைக்கு அப்படியே ஒட்டாதீர்கள். பருவத்தைப் பிரித்து, பனி உருகிய வெள்ளத்தையும் கோடை மழை வெள்ளத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். மாற்றிய தேதி இங்கேதான் கைகொடுக்கும். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர் எங்கே வரை ஏறியிருக்கிறது என்ற உண்மை பழையதாவதில்லை.

15. கணக்குப் புத்தகம் ஒன்று சொல்கிறது, சுவரில் உள்ள குறி வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது?

சராசரி எடுக்காதீர்கள். இரண்டும் ஒரே வெள்ளத்தைத்தான் சொல்கின்றனவா என்று தேதியை மறுபடி பாருங்கள் (கேள்வி 4). பிறகு குறியின் இடத்தை (கேள்வி 8). பிறகு இரண்டின் கவனிப்பு வரம்பை (கேள்வி 12). பாதிக்கு மேற்பட்ட முரண்பாடுகள் இந்த மூன்றில் ஒன்றில் தீர்ந்துவிடும். தீராவிட்டால் இரண்டு மதிப்பையும் அட்டவணையில் வைத்து, எதைக் கணக்கில் எடுத்தீர்கள், ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்து வருகிறவர் கையில் மூன்றாவது ஆவணம் இருக்கலாம். நீங்கள் அழித்துவிட்ட எண்தான் அதோடு பொருந்துவதாகவும் இருக்கலாம்.